சுவருக்கு அந்தப் பக்கம் ரயில்

786
செந்தூல்
கோலாலம்பூர், 12 ஜூன் 2019

உமையாள் ஆச்சிக்கு,

மைமூன் எழுதுவது. முகவரியை உங்கள் மகள் ஜனனியிடம் கேட்டு என் மகன் ஹஸ்ஸான் வாங்கிக் கொடுத்தான். போனில் பேசியிருக்கலாம். உங்களுக்குக் காது மந்தம், எனக்கு வாய் நீளம், சண்டையில்தான் முடியும். அதனால் எழுதுகிறேன்.

நேற்று அசர் தொழுதுவிட்டு சமையலறையில் நின்றேன். சுவரில் மூன்று முறை தட்டும் சத்தம் கேட்டது. நம்முடைய அதே மூன்று. ‘வரட்டுமா, தேத்தண்ணீர் போடு’ என்று நீங்கள் அந்தப் பக்கத்திலிருந்து தட்டுகிற மூன்று. நான் ஒன்றும் யோசிக்கவில்லை. இஞ்சி இடிக்கிற குழவியை எடுத்து, ‘வா’ என்று பதிலுக்கு ஒரு தட்டு தட்டினேன். இரண்டு கோப்பையில் தேத்தண்ணீர் ஊற்றினேன், உங்களுடையதில் சீனி குறைத்து. பெருநாளுக்குச் செய்த பிஸ்கட் டின்னைத் திறந்து வைத்தேன். படிக்கட்டுக் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தேத்தண்ணீரில் ஆடை படிந்த பிறகுதான், அந்தப் பக்கம் வீடே இல்லை என்பது நினைவுக்கு வந்தது. பால்கனியில் நின்று எட்டிப் பார்த்தேன். தகர வேலி, பெரிய பள்ளம், கிரேன். பள்ளத்துக்குள் ஒரு பங்களாதேஷ் தொழிலாளி எதையோ இரும்புக் குழாயால் அடித்துக்கொண்டிருந்தான்.

ரயில் நிலையத்துக்கு வாசல் வைக்க உங்கள் வீட்டையும் என் வீட்டையும் கேட்டார்கள். இரண்டு பேரும் கையெழுத்துப் போடுவதில்லை என்று என் சமையலறையில் உட்கார்ந்துதான் பேசினோம். அப்புறம் ஒரு காலையில் உங்கள் வாசலில் லோரி வந்து நின்றது. கீழே பூக்கட்டுகிற தாமரை சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவ்வளவு காலம் ஆக்கப் பொறுத்தவர்களுக்கு ஆறப் பொறுக்கவில்லை.

இதற்குப் பதில் எழுத வேண்டும் என்றில்லை. இரண்டு கோப்பையையும் நானே குடித்துவிட்டேன் என்று சொல்லத்தான் எழுதினேன்.

மைமூன்

—

தெண்டாயுதபாணி துணை
மேரு, கிள்ளான்
21 ஜூன் 2019

அன்புள்ள மைமூன் ராத்தாவுக்கு,

அது நான் இல்லை.

நானாக இருந்திருக்கக்கூடாதா என்று கடிதத்தை மடித்து வைத்த பிறகும் நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் என்னை ஒரு நாளும் ‘நீங்கள்’ என்று சொன்னதில்லை. கடிதம் முழுக்க அப்படியே போட்டிருக்கிறீர்கள். திட்டியிருந்தால் இவ்வளவு சுட்டிருக்காது.

இங்கே வீடு நன்றாக இருக்கிறது, மாடி இல்லை. செமி-டி என்கிறார்கள், ஒரு பக்கத்துச் சுவர் இரண்டு வீட்டுக்கும் பொது. அந்த இன்னொரு வீடு இன்னும் விற்கவில்லை. அது தெரிந்தும் பழக்க தோஷத்தில் என் கட்டிலை அந்தச் சுவரை ஒட்டியே போட்டிருக்கிறேன். செந்தூலில் உங்கள் தட்டு என் காதுக்கு வருவதற்கு முன் முதுகுக்கு வரும். இங்கே ஒரு மத்தியானம் கரண்டிக் காம்பால் தட்டிப் பார்த்தேன். காலி வீட்டில் அது எவ்வளவு தூரம் போகிறது, ராத்தா. அப்புறம் தட்டுவதில்லை.

ஜனனி காலையில் ஷா ஆலம் ஆபீசுக்குக் காரை எடுத்தால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வருவாள். வீட்டில் ஜனனியின் அப்பாவும் நானும்தான். அவர்கள் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள்.

கையெழுத்துக்குக் காரணம் இருந்தது. சொல்லக்கூடாது என்பது அவர்கள் உத்தரவு. எங்கள் வீடு போனதால்தான், ‘ஒரு வீடே போதும்’ என்று உங்கள் வீட்டை விட்டார்கள் என்று ஜனனி சொல்கிறாள். நான் சொல்லவில்லை.

உமையாள்

—

786
செந்தூல்
5 ஆகஸ்ட் 2019

உமையாளுக்கு,

ஜனனி சொல்கிறாளாம், இவள் சொல்லவில்லையாம். உன் வாய்க்குள் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாது என்று நினைத்த காலமும் உண்டு.

சரி, சங்கதியைக் கேள். பூமியைக் குடைகிற இயந்திரம் எங்கள் தெருவுக்குக் கீழே வந்துவிட்டது. ஒரு வீடு நீளத்துக்கு மேல் இருக்குமாம். அது கடந்து போகும்வரை ஹோட்டலில் தங்கச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். ஹஸ்ஸானும் ஷா ஆலத்திலிருந்து வந்தான். “உம்மா, பிடிவாதம் பண்ணாதீங்க லா, வீடு ஆடுச்சுன்னா என்ன செய்வீங்க?” என்றான். “நானும் கூட ஆடுறேன்” என்றேன். கோபித்துக்கொண்டு போய்விட்டான்.

ஆடவில்லை. அலமாரியில் இருந்த பீங்கான்கள் ஒன்றோடொன்று பல்லைக் கடித்தன, அவ்வளவுதான். இந்த இயந்திரங்களுக்கு உலகம் முழுக்கப் பெண் பெயர்தான் வைப்பார்களாம். பெண்ணாக இருந்தால் அடுத்த வீட்டைக் கடந்து போகும்போது ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருப்பாள் என்று நினைத்தேன். அப்புறம் உன் ஞாபகம் வந்தது. சொல்லாமல் போகிற பெண்களும் இருக்கிறார்கள்.

இன்னொன்றும் எழுத வேண்டும். வேண்டாம் என்றுதான் இருந்தேன். உன் வீட்டை இடித்தபோது நம் பொதுச்சுவரை மட்டும் விட்டார்கள், அதில்தான் என் வீடு நிற்கிறது. உன் பக்கம் இப்போது தெருவைப் பார்த்து நிற்கிறது. உன் அடுப்புக் கரி, உன் காலண்டர் ஆணி, உன் சாமி அறையின் நீலம், எல்லாம் போகிற வருகிறவன் பார்க்கும்படி. மழை வந்தால் நீலம் வழிகிறது. எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

சைட் சூப்பர்வைசர் சிவநேசன் என்று ஒரு பையன். அவனைக் கூப்பிட்டு அந்த இடத்தைக் கென்வஸ் போட்டு மூடச் சொன்னேன். “ஆன்டி, அடுத்த வருசம் எப்படியும் பூசிருவோம். இப்ப எதுக்கு?” என்றான். “தம்பி, அது சாமி ரூமு. நீ மூடலைன்னா நான் ஏணி வச்சு ஏறுவேன், விழுந்தா ஒம் பேரச் சொல்லுவேன்” என்றேன். மூடிவிட்டான். நான் மூடச் சொன்னதற்குக் காரணம் நீ இல்லை, எனக்கே கண் கூசுகிறது, அதற்காகத்தான்.

மைமூன்

—

தெண்டாயுதபாணி துணை
மேரு
2 செப்டம்பர் 2019

அன்புள்ள ராத்தாவுக்கு,

கென்வஸ் போட்டதைப் படித்துவிட்டு, சொல்லக்கூடாது என்ற உத்தரவை இன்று மீறுகிறேன். அவர்கள் பக்கத்து அறையில்தான் தூங்குகிறார்கள்.

நாங்கள் கிளம்புவதற்கு முன் ஒரு காலையில் கோயிலுக்குப் போக அவர்கள் படி இறங்கினார்கள். நம் படி தெரியும்தானே, கிணற்றில் இறங்குகிற மாதிரி. பாதியில் வலது கால் வரவில்லை. ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். வேட்டி நனைந்துவிட்டது. அப்போதுதான் நீங்கள் சுவரில் தட்டினீர்கள். வெள்ளிக்கிழமை, போன வருஷ நோன்பு மாதம். எனக்காகக் கறி போடாமல் தனியாகக் கஞ்சி காய்ச்சுகிறீர்களே, அதற்குப் பாத்திரம் கேட்டுத் தட்டியிருப்பீர்கள்.

நான் எழுந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். “யாரையும் கூப்பிடாத உமையா. ராமசுப்பிரமணியன் படியில உக்காந்து அழுதான்னு தெருவுக்குத் தெரிய வேணாம்.” நீங்கள் மறுபடியும் தட்டினீர்கள். பிறகு ஜனனி வந்து இறக்கும்வரை நாங்கள் அப்படியே உட்கார்ந்திருந்தோம். கீழே உங்கள் வீட்டுக்காரர் ஹைதர் அண்ணன் கடை இருந்த இடத்தில் யாரோ போன் கவர் விலை பேசிக்கொண்டிருந்தார்கள்.

அந்த வாரமே கையெழுத்துப் போட்டுவிட்டோம். படி இல்லாத வீடு வேண்டும், வேறொன்றும் இல்லை. உங்களிடம் வந்தால் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவீர்கள் என்றுதான் சொல்லாமல் போனேன்.

அவர்களுக்கு நீங்கள் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டாம்.

உமையாள்

—

786
செந்தூல்
19 ஏப்ரல் 2020

உமையாளுக்கு,

ஊரடங்கில் தபால் போகுமா என்று தெரியவில்லை. போனால் போகட்டும்.

உன் போன கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை. எழுதிப் பார்த்தேன், எல்லாமே கோபமாக வந்தது. உன் மேல் இல்லை. சுவருக்கு இந்தப் பக்கம் நான் பாத்திரத்துக்குத் தட்டுகிறேன், அந்தப் பக்கம் நீங்கள் இருவரும் படியில் உட்கார்ந்திருக்கிறீர்கள். அதை நினைத்தால் கஞ்சி இறங்கவில்லை. உன் செட்டியார் கீழே வந்தால் ஒவ்வொரு நாளும், “என்ன அண்ணி, ரயில் வந்திருச்சா?” என்று கேலி செய்வார். அவருக்கு என் ஸலாம் சொல். வேறு எதையும் சொல்லாதே.

இங்கே வேலையை நிறுத்திவிட்டார்கள். இயந்திரம் இல்லை, ஆட்கள் இல்லை. தாமரை வரவில்லை. அந்தச் சத்தத்தை எவ்வளவு திட்டியிருக்கிறேன். இப்போது சத்தம் போன பிறகுதான் வீட்டில் நான் ஒருத்தி என்பது தெரிகிறது. ஸ்பூன் கீழே விழுந்தால் வெளியூரிலிருந்து ஆள் வந்ததுபோல் இருக்கிறது. ஹஸ்ஸான் வீடியோவில் தினமும் வருகிறான், அவன் மனைவி ருக்சார் பிள்ளைகளைக் காட்டுகிறாள். அணைத்த பிறகு அந்தக் கண்ணாடியில் என் முகம்தான் தெரிகிறது.

நோன்பு வரப்போகிறது. இந்த முறை எல்லா நாளும் ஒரே கஞ்சிதான், தனியாகக் காய்ச்ச யாரும் இல்லை.

மைமூன்

—

தெண்டாயுதபாணி துணை
மேரு
8 பிப்ரவரி 2021

ராத்தா,

அவர்கள் போய்விட்டார்கள். ஸ்ட்ரோக் இரண்டாவது தடவை வந்தது, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே. மாவட்டம் தாண்ட அனுமதி இல்லாத நேரம், அதனால்தான் உடனே சொல்லவில்லை. சொன்னால் நீங்கள் போலீஸ் தடுப்பில் நின்று சண்டை போடுவீர்கள்.

எட்டுப் பேர்தான் இருந்தோம். செந்தூலில் போயிருந்தால் தெருவே நின்றிருக்கும்.

கடைசியில் பேச்சு குழறியது. ஒரு நாள் என்னவோ கேட்டார்கள், எனக்கும் காது கேட்கவில்லை, இருவரும் திரும்பத் திரும்பச் சொல்லிக் களைத்துப்போனோம். அப்புறம் சுவரைக் காட்டினார்கள். உங்கள் வீட்டைக் கேட்கிறார்கள் என்று புரிந்தது. “நிக்குது” என்றேன். சிரித்தார்கள்.

உமையாள்

—

786
செந்தூல்
15 பிப்ரவரி 2021

உமையா,

ஹஸ்ஸானைத் திட்டினேன், அரசாங்கத்தைத் திட்டினேன், கடைசியில் செட்டியாரையும் திட்டினேன். உட்கார்ந்து அழ இந்தப் பக்கம் ஒரு ஆள் வேண்டாமா?

இன்று குழவியை எடுத்துச் சுவரில் ஒரு தட்டு தட்டினேன். நீ கேட்டிருக்க மாட்டாய். அதனாலென்ன.

மைமூன்

—

786
செந்தூல்
20 பிப்ரவரி 2023

உமையா,

உன் பொங்கல் கடிதம் வந்தது. கண் பரிசோதனைக்குப் போ, வரிகள் மலை ஏறுகின்றன.

ரயில் வரப்போகிறது. அடுத்த மாதம் திறக்கிறார்கள், தேதி பேப்பரில் வரும். முதலில் கொஞ்ச நாள் டிக்கெட் கிடையாதாம். சிவநேசன் வந்து சொல்லிவிட்டுப் போனான், பாவம், அவனுக்கும் தலை நரைத்துவிட்டது. உன் வீட்டு இடத்தில்தான் வாசல். உன் முன் அறை இருந்த இடத்தில் எஸ்கலேட்டர் இறங்குகிறது, சமையலறையில் டிக்கெட் மெஷின். நம் சுவரைப் பூசிச் சாம்பல் வண்ணம் அடித்துவிட்டார்கள்.

எனக்கு முழங்கால் முடிந்துபோயிற்று. போன ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு நான் படி இறங்கவில்லை. தாமரைதான் சாமான் வாங்கிக் கொண்டுவந்து கொடுக்கிறாள். பூமிக்கு அடியில் போக லிஃப்ட் வைத்திருக்கிறார்கள், உமையா. என் வீட்டு மாடிக்கு இல்லை. செட்டியாரை இப்போதுதான் முழுசாகப் புரிந்துகொள்கிறேன்.

ஹஸ்ஸான் இந்த வீட்டை எடுக்க ஆள் பார்த்துவிட்டான். ஸ்டேஷன் பக்கத்து வீடு என்றால் அடித்துக்கொண்டு வருகிறார்கள், கீழே கோப்பிக் கடை வருமாம். திறப்பு நாள் வரை நான் நகரமாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். எதற்கு என்று கேட்டான். சொல்லவில்லை.

உனக்குச் சொல்கிறேன். திறக்கிற அன்று நீ வா. கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் கே.எல். சென்ட்ரல் வந்து, யாரையாவது கேட்டு மாறி, இந்த ரயிலில் ஏறு. உன்னாலும் என் படி ஏற முடியாது, தெரியும். ஏற வேண்டாம். வெளியே வந்ததும் இடது கைப் பக்கம் சுவர். கைத்தடியால் மூன்று தட்டு. பிறகு கையைச் சுவரில் வை. நான் மேலே குழவியோடு இருப்பேன்.

இந்த வீட்டில் எனக்கு இனி வேறு வேலை இல்லை.

மைமூன்

—

தெண்டாயுதபாணி துணை
மேரு
17 மார்ச் 2023

அன்புள்ள ராத்தாவுக்கு,

நேற்று வந்தேன்.

ஜனனி லீவு போட்டுக் கூட வருகிறேன் என்றாள். வேண்டாம் என்று தனியாகத்தான் வந்தேன். ரயிலில் ஒரே கூட்டம், பிள்ளைகள், பலூன். ஒரு சீனப் பெண் எழுந்து இடம் கொடுத்தாள். ஜன்னலில் இருட்டைத் தவிர ஒன்றுமில்லை, ஆனாலும் எல்லோரும் ஜன்னலைத்தான் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். எங்கள் வீட்டுக்கு அடியில் எப்போது வரும் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

எஸ்கலேட்டரில் ஏறி வந்து நின்றால் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. எந்த இடத்தில் என் அறை, எந்த இடத்தில் அவர்கள் நாற்காலி, ஒன்றும் தெரியவில்லை. அழக்கூட வரவில்லை. சுவரை மட்டும் கண்டுபிடித்தேன். மேலே அண்ணாந்து பார்த்தேன், உங்கள் பால்கனியில் துணி இல்லை.

மூன்று முறை தட்டினேன். இரண்டு போலீஸ்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கையை வைத்தேன். சுவர் முழுக்க ஒரு நடுக்கம், கீழே ரயில், பக்கத்தில் எஸ்கலேட்டர். இதில் எதை உங்களுடையது என்று கண்டுபிடிப்பேன்? கூட்டம் இடித்துக்கொண்டு போனது. “ஆன்டி, ஓகேயா?” என்று ஒரு பையன் கேட்டான். நான் கையை எடுக்கவில்லை.

அப்புறம் வந்தது, ராத்தா. ஒரே ஒரு தட்டு, கனமாக. குழவியின் தட்டு எனக்குத் தெரியாதா? உள்ளங்கை வழியாக முழங்கை வரை வந்தது. காது போனாலும் அது போகவில்லை. அங்கேயே நின்று எல்லோர் முன்னாலும் அழுதேன். அவர்கள் போன அன்றுகூட நான் இப்படி அழவில்லை.

போதும். இனி நீங்கள் நிம்மதியாக ஷா ஆலம் போங்கள். வீட்டைக் கொடுத்துவிடுங்கள்.

உங்கள்
உமையாள்

—

786
ஷா ஆலம்
21 மார்ச் 2023

உமையா,

மேலே ஊர்ப் பெயரைப் பார்த்திருப்பாய். வீட்டுச் சாவியைக் கொடுக்க ஹஸ்ஸான் இன்று செந்தூல் போனான். உன் கடிதம் படிக்கட்டுக் கதவுக்குக் கீழே கிடந்ததாம்.

‘ஆமாம், நான்தான் தட்டினேன்’ என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஒரு வரி எழுதியும்விட்டேன். அப்புறம் தாளைக் கிழித்தேன். நான் இரண்டு கோப்பை ஊற்றி வைத்துக்கொண்டு ஏமாந்தபோது நீ எனக்குப் பொய் சொல்லவில்லை.

அது நான் இல்லை.

திறப்புக்கு முந்தின நாள் காலையில், உன்னைச் சுவரோடு அனுப்பிவிட மனசு வரவில்லை, வாசலிலேயே பார்த்துவிடலாம் என்று படி இறங்கிப் பழகினேன். பாதிவரை நன்றாகத்தான் வந்தேன். அப்புறம் உன் செட்டியார் மாதிரியே உட்கார்ந்துவிட்டேன், அவர் உட்கார்ந்தார், நான் உருண்டேன், அதுதான் வித்தியாசம். தாமரைதான் கத்தி ஆளைக் கூட்டினாள். எலும்பு முறியவில்லை, இடுப்பு வீங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் மருந்து மயக்கம். “உமையாளுக்குச் சொல்லு, நாளைக்கு வருவா, சொல்லு” என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேனாம். ஏதோ உளறுகிறேன் என்று ஹஸ்ஸான் விட்டுவிட்டான். நீ சுவரில் கை வைத்து நின்ற நேரம் எனக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சுவருக்கு இப்போது இந்தப் பக்கமும் யாரும் இல்லை. ரயில் தட்டியதோ, கோப்பிக் கடைக்காரன் அளவெடுக்க வந்து எதையாவது போட்டானோ, எனக்குத் தெரியாது. நீ அழுதது வீண் போகவில்லை, அது செட்டியாருக்கு என்று வைத்துக்கொள்.

எனக்கு இங்கே கீழ் அறை கொடுத்திருக்கிறார்கள். ருக்சார் நல்லவள், பிள்ளைகள் காலையில் முத்தம் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போகிறார்கள், எல்லோரும் போகிறார்கள். பிறகு ஏர்கோன் சத்தம் மட்டும். நேற்று நானும் சுவரைத் தட்டிப் பார்த்தேன். பலகைத் தடுப்பு, அட்டைப் பெட்டி மாதிரி ஒலிக்கிறது.

இன்று காலை ஹஸ்ஸானிடம் உன் ஜனனியின் ஆபீஸ் எங்கே என்று கேட்டேன். இங்கிருந்து இரண்டு சிக்னல் தள்ளியாம். நாலு வருஷமாகத் தபால் தலை ஒட்டிக்கொண்டிருந்தோம், உமையா. உன் மகள் தினமும் என் மகன் வீட்டைத் தாண்டித்தான் போய்க்கொண்டிருந்திருக்கிறாள். நம் புத்திக்கு அந்தச் சுவரை விட்டால் வேறு வழி தெரியவில்லை.

இந்தக் கடிதத்தை ஹஸ்ஸான் அவள் கையிலேயே கொடுத்துவிடுவான். நாளைக்கு அவள் காரில் ஏறி வா. நாளைக்கே வா, மறுநாள் நோன்பு பிறந்துவிடும், பகலில் உனக்குத் துணையாக என்னால் குடிக்க முடியாது. இங்கே படி இல்லை. கதவைத் திறந்தே வைத்திருப்பேன், தட்ட வேண்டாம்.

தேத்தண்ணீர் முன்னதாகப் போட்டு வைக்கமாட்டேன். நீ வந்து உட்கார்ந்த பிறகு போடுகிறேன்.

மைமூன்